செக் நாக்காவுக்கு இந்தப் பக்கம்

வகுப்பறை வாசல் – 11

முலுண்ட் செக் நாக்காவைத் தாண்டினால் மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் புத்தகம் மாறிவிடும். மகாராஷ்டிரப் பாடநூல் நிறுவனமான பால்பாரதி, மூன்றாம் வகுப்புக்கான ‘பரிசர் அப்யாஸ்’ என்கிற சூழல் பாடநூலை மாவட்டத்துக்கு ஒன்றாக அச்சிட்டு வந்திருக்கிறது. நாக்காவுக்கு இந்தப் பக்கம் மும்பைப் புத்தகம், அந்தப் பக்கம் தாணேப் புத்தகம். இரண்டு பிள்ளைகளும் மாலையில் ஒரே கடையில் வடாபாவ் வாங்கித் தின்றாலும், ஆளுக்கொரு மாவட்டத்தைப் படித்தாக வேண்டும்.

இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. எட்டு வயதில் ஒரு குழந்தை முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது தான் நிற்கிற மண்ணைத்தான் என்று யாரோ யோசித்து, அதற்காகத் தனித்தனிப் புத்தகம் போடும் சிரமத்தையும் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். நான்காம் வகுப்பில் சிவாஜி மகாராஜாவின் வரலாறு ஒரு முழுப் புத்தகமாகவே வந்துவிடும். அதற்கு முந்தைய அந்த ஓராண்டுதான் பிள்ளையின் சொந்த ஊருக்கானது. ஆனால் அந்த ஓராண்டில் எத்தனை பிள்ளைகள் புத்தகத்தை மூடிவிட்டுத் தெருவில் இறங்குகிறார்கள்? தேர்வுக்கு வரும் கேள்வி, மாவட்டத்தின் ஆறுகள் யாவை என்பதாகத்தான் இருக்கிறது.

எங்கள் கட்டடத்தின் இரண்டாம் மாடியிலிருந்த குடும்பம் வேலை மாற்றத்தில் எடின்பரோவுக்குப் போனது. அவர்கள் மகள் அங்கே ‘பிரைமரி 4’இல் சேர்ந்தாள். சேர்ந்த முதல் மாதமே அவளுடைய அம்மாவிடமிருந்து போன் வந்தது. “அக்கா, இங்க புஸ்தகமே கெடையாதுக்கா. சாயந்தரம் பைக்குள்ள ஒரே ஒரு கதைப் புஸ்தகம் மட்டும் வருது. கணக்குல எதுவரைக்கும் போயிருக்காங்கன்னு எதைப் பார்த்துத் தெரிஞ்சுக்கறது?” குரலில் கவலை இருந்தது. முலுண்டில் ஜூன் மாதம் புத்தகங்களுக்கு அட்டை போட்டு லேபிள் ஒட்டிய கை அது. அட்டை போட எதுவுமில்லை என்றால் பதறத்தானே செய்யும்!

ஸ்காட்லாந்தில் தொடக்கப்பள்ளி என்பது ஏழு ஆண்டுகள். ஐந்து வயதையொட்டிச் சேரும் பிள்ளை பன்னிரண்டு வயதுவாக்கில் முடித்து வெளியே வருகிறது. பெரும்பாலும் ஒரு வகுப்புக்கு ஒரே ஆசிரியர், நாள் முழுக்க. 2010 முதல் நடைமுறையில் இருக்கும் பாடத்திட்டம் எட்டுத் துறைகளைச் சொல்கிறது: மொழி, கணிதம், அறிவியல், சமூகம், தொழில்நுட்பம், கலை, உடல்மன நலம், சமயமும் அறநெறியும். இவற்றில் மொழியறிவு, எண்ணறிவு, நலம் ஆகிய மூன்றுக்கும் எல்லா ஆசிரியர்களும் பொறுப்பு. எந்தப் பாடம் நடந்தாலும் இம்மூன்றும் கூடவே வர வேண்டும்.

நான் நின்று படித்த இடம் வேறொன்று. அங்கே கற்றல் இலக்குகளைக் குழந்தையின் வாயால் எழுதியிருக்கிறார்கள். ‘மாணவர் பின்னக் கணக்குகளில் திறன் பெறுவார்’ என்று எழுதாமல், ‘என்னால் இதைப் பங்கு போட முடியும்’, ‘நான் இதைச் செய்து பார்த்திருக்கிறேன்’ என்கிற தொனியில் எழுதியிருக்கிறார்கள். அரசாங்க ஆவணத்தில் ஒரு குழந்தை ‘நான்’ என்று பேசுகிறது. படிக்கிற ஆசிரியருக்கு எதிரே ஒரு முகம் தெரியும் இல்லையா? அதற்காகவே இந்த ஒன்றை நாமும் கைக்கொள்ளலாம் என்பேன்.

எடின்பரோவுக்குப் போன சிறுமி அந்தப் பருவம் முழுக்கப் படித்தது வைகிங்குகளைப் பற்றி. நார்வேயிலிருந்து ஆர்க்னி தீவுகளுக்கு வரும் கடல்வழியை வரைந்தாள். அட்டையில் படகு செய்தாள். படகுக்கு அளவு வேண்டும், அதற்காகக் கணக்கு வந்தது. வைகிங் சிறுமி ஒருத்தி எழுதுவதுபோல நாட்குறிப்பு எழுதினாள். ஜனவரியில் ராபர்ட் பர்ன்ஸ் பிறந்த நாளுக்கு வகுப்பே ஸ்காட்ஸ் மொழியில் கவிதை சொன்னது. அதில் நம் பிள்ளையும் உண்டு. அந்த வீடியோவை முலுண்டில் எங்கள் கட்டடமே பார்த்தது.

ஒரு பொருளை எடுத்துக்கொண்டு அதற்குள் எல்லாப் பாடங்களையும் வரவழைக்கும் இந்த வழக்கம் அங்கே பழையது. 1965இல் ஸ்காட்லாந்துக் கல்வித்துறை வெளியிட்ட தொடக்கக் கல்வி அறிக்கை, பாடங்களைத் துண்டு துண்டாக வைக்காமல் இணைத்து நடத்தச் சொன்னது. சொல்லிவிட்டார்கள், எப்படி நடத்துவது? கிளாஸ்கோவின் ஜோர்டன்ஹில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் அடுத்த சில ஆண்டுகளில் அதற்கு வழி கண்டார்கள். ‘ஸ்டோரிலைன்’ என்று அதற்குப் பெயர். ஆசிரியர் பாடத்தைச் சொல்லித் தொடங்குவதில்லை. “இது ஒரு தெரு. இங்கே யார் யார் குடியிருப்பார்கள்?” என்று கேட்கிறார். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு ஆளைப் படைக்கிறது. பெயர், வயது, தொழில், குடும்பம் எல்லாம் பிள்ளையே தீர்மானிக்கிறது. சுவர் முழுக்க அந்தத் தெரு படமாக எழும்புகிறது. பிறகு ஒருநாள் அந்தத் தெருவுக்கு ஒரு கடிதம் வருகிறது. சாலையை அகலப்படுத்தப் போகிறோம், நாலு வீடுகள் போய்விடும் என்று. இப்போது என்ன செய்வது? கூட்டம் போட வேண்டும், மனு எழுத வேண்டும், அளந்து பார்க்க வேண்டும், எதிர்த் தரப்பையும் கேட்க வேண்டும். இந்த முறை டென்மார்க், நார்வே, ஐஸ்லாந்து வரை பரவியது.

மும்பை வாசகர்களுக்கு இந்த இடத்தில் ஒரு பெயரை நினைவுபடுத்த வேண்டும். பாட்ரிக் கெடஸ். 1854இல் பிறந்த ஸ்காட்லாந்துக்காரர், அடிப்படையில் உயிரியல் அறிஞர். எடின்பரோ கோட்டைக்கு அருகே ஒரு கோபுரக் கட்டடத்தை 1892இல் எடுத்துக்கொண்டு, அதையே பள்ளிக்கூடமாக்கினார். வருகிறவர்கள் முதலில் உச்சிக்கு ஏற வேண்டும். அங்கே ஒளிக்கருவி வழியாக ஊர் முழுவதும் மேசைமேல் உயிரோடு விழும். பிறகு ஒவ்வொரு தளமாக இறங்க வேண்டும். முதலில் எடின்பரோ, அடுத்து ஸ்காட்லாந்து, பிறகு ஐரோப்பா, கடைசியில் உலகம். சொந்த ஊரைப் பார்க்காதவருக்கு அங்கே உலகம் காட்டப்படவில்லை.

அந்த மனிதர் 1914இல் இந்தியா வந்தார். 1915இல் தஞ்சாவூர், மதுரை உள்ளிட்ட சென்னை மாகாணத்து ஊர்களை நடந்து பார்த்து அறிக்கைகள் எழுதினார். மலேரியா பயத்தில் குளங்களைத் தூர்க்க அதிகாரிகள் கிளம்பிய காலம் அது. குளத்தில் மீனையும் வாத்தையும் விடுங்கள், கொசுவை அவை பார்த்துக்கொள்ளும் என்று வாதாடியவர் கெடஸ். 1919 முதல் 1924 வரை பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் துறையின் முதல் பேராசிரியராக இருந்தார். ஆக, ஊரே பாடம் என்கிற எண்ணத்தை நாம் இன்றைக்கு எடின்பரோவில் தேட வேண்டியதில்லை. அது நம் ஊருக்கு வந்து நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது.

முலுண்டைப் போல இதற்குத் தோதான ஊர் மும்பையில் குறைவு. மேற்கே சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவின் காடு, கிழக்கே உப்பளமும் கழிமுகமும். 1853 ஏப்ரல் 16இல் போரி பந்தரிலிருந்து தாணேவுக்குப் போன முதல் பயணிகள் ரயில் இந்த மண்ணைத்தான் கடந்தது. பிரிவினையில் வந்த சிந்தி மக்களுக்காக உருவானது முலுண்ட் காலனி. குளிர்காலத்தில் கழிமுகத்துக்குப் பூநாரைகள் வரும். அந்த நீர்ப்பரப்பு 2015இல் சரணாலயமானது, 2022இல் ஈரநிலங்களுக்கான பன்னாட்டு ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. இவ்வளவும் இருந்தாலும் என்னைக் கேட்டால் முலுண்டின் பாடம் குப்பை மேட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

1967 முதல் மும்பையின் குப்பை இங்கே கொட்டப்பட்டது. 2018இல் நிறுத்தினார்கள். அப்போது சேர்ந்திருந்தது சுமார் 70 லட்சம் டன். அதைத் தோண்டிப் பிரித்தெடுத்து நிலத்தை மீட்கும் வேலையும் அதன்பிறகு தொடங்கியது. நாலாம் வகுப்புப் பிள்ளையிடம் இந்த எண்ணைக் கொடுங்கள். ஒரு டன்னுக்கு ஆயிரம் கிலோ, அப்படியானால் மொத்தம் 700 கோடி கிலோ. ஒரு லாரியில் பத்து டன் ஏற்றினால் ஏழு லட்சம் நடை. பெரிய எண் என்றால் என்ன என்பது அப்போதுதான் பிள்ளையின் உடம்பில் உறைக்கும். வீட்டுக் குப்பையை ஒரு வாரம் சமையலறைத் தராசில் நிறுத்து எழுதட்டும். மாம்பழத் தோல், பால் கவர், பழைய துணி மூன்றையும் தொட்டி மண்ணில் புதைத்து, மாதம் ஒருமுறை தோண்டிப் பார்க்கட்டும். அந்த நாற்றம் எப்படி இருந்தது, ஜன்னலைச் சாத்திக்கொண்டே எத்தனை கோடைகள் கழிந்தன என்று முலுண்ட் கிழக்கில் பல வீடுகளில் பாட்டிகள் சொல்வார்கள். அதைத் தமிழில் எழுதிக்கொள்ளட்டும். முலுண்ட் அடங்கிய மாநகராட்சி ‘டி’ (T) வார்டு அலுவலகத்துக்கு ஒரு கடிதம், அது மராத்தியில்தான் இருக்க வேண்டும். மராத்தி ஏன் படிக்கிறோம் என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை. குப்பையைப் பிரித்துப் பிழைத்தவர்களின் கைகளுக்கு ஊர் என்ன பாதுகாப்புக் கொடுத்தது என்று ஒரு பிள்ளை கேட்டால், அறநெறி வகுப்பும் அங்கேயே நடந்துவிட்டது.

இப்படி ஒன்றுசேர்ப்பதற்கு மகாராஷ்டிரமும் முயன்றது. பள்ளிப் பை கனக்கிறது என்று 2023இல் எல்லாப் பாடங்களையும் கோத்து, ஆண்டுக்கு நான்கு பாகங்களாகப் புத்தகம் போட்டார்கள். குறிப்பெழுத நடுவே வெற்றுத்தாள் வேறு. 2025இல் அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது. பை லேசாவது நல்லதுதான். ஆனால் அட்டைக்குள் பாடங்கள் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் பிள்ளையின் மனத்துக்குள் அவை சேர்ந்துவிடாது. சேர்த்து வைக்க ஒரு கேள்வி வேண்டும், ஒரு ஆசிரியர் வேண்டும்.

மும்பைத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இன்னொரு சொத்தும் இருக்கிறது. வீட்டில் தமிழ், விளையாட்டில் இந்தி, பள்ளியில் ஆங்கிலமும் மராத்தியும். ஸ்காட்லாந்து 2012இல் ஒரு கொள்கை வகுத்தது: முதல் வகுப்பிலிருந்து இரண்டாம் மொழி, ஐந்தாம் வகுப்பிலிருந்து மூன்றாம் மொழி. அதை நடைமுறைப்படுத்த 2021 வரை அவகாசம் எடுத்துக்கொண்டது. நம் பிள்ளை பால்வாடிக்குப் போகும் முன்பே அந்த இடத்தைத் தாண்டிவிடுகிறது. 2025இல் மகாராஷ்டிரம் ஒன்றாம் வகுப்பிலிருந்து இந்தியை மூன்றாம் மொழியாக்க ஆணையிட்டு, கடும் எதிர்ப்புக்குப் பின் ஜூன் மாதக் கடைசியில் திரும்பப் பெற்றது. அந்தச் சண்டை முழுக்கப் பிள்ளை எத்தனை மொழியைச் சுமப்பது என்பதைப் பற்றித்தான் நடந்தது. ஏற்கெனவே தெரிந்த மொழியை வகுப்பு எப்படிப் பயன்படுத்துகிறது என்று எவரும் கேட்டதாக நினைவில்லை.

கணக்கிலேயே ஒரு சாட்சி உண்டு. மராத்தியில் 21 ‘ஏக்வீஸ்’. ஒன்று முன்னால், இருபது பின்னால். 65 ‘பாஸஷ்ட்’. 59 என்றால் அறுபதுக்கு ஒன்று குறைவு என்று பொருள்படும் ‘ஏகோண்ஸாட்’. சொல் ஒரு வரிசையில் வருகிறது, எழுதும் இலக்கம் வேறு வரிசையில் வருகிறது. 2019இல் பால்பாரதியின் இரண்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் ‘வீஸ் ஏக்’ என்று சொல்லும் முறையை அறிமுகப்படுத்தியபோது பெரிய சர்ச்சை. கணிதக் குழுவுக்குத் தலைமை வகித்த மங்களா நார்ளீகர், தென்னிந்திய மொழிகளில் எண்கள் இப்படித்தான் இருக்கின்றன என்பதை எடுத்துக்காட்டிப் பேசினார். நம் பிள்ளையோ இருபத்தொன்று, அறுபத்தைந்து என்று வீட்டில் சொல்லிக்கொண்டேதான் பள்ளிக்குப் போகிறது. மராத்தி எண்ணில் அது தடுமாறும்போது, “உங்க வீட்டுல எப்படிச் சொல்லுவீங்க?” என்று ஒரு ஆசிரியர் கேட்டால் போதும். ஒரு தமிழ்ப் பிள்ளை கரும்பலகைக்கு வந்து வகுப்புக்கே பத்தும் ஒன்றும் சொல்லிக்கொடுக்கும்.

ஸ்காட்லாந்தில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நான் எழுதவில்லை. பல நாட்டு மாணவர்களை ஒப்பிடும் 2022 பீசா (PISA) தேர்வில் கணக்கில் அதன் மதிப்பெண் முன்பைவிட இறங்கியது. வசதியுள்ள பிள்ளைக்கும் ஏழைப் பிள்ளைக்கும் நடுவே இருக்கிற இடைவெளி அங்கே தீராத விவாதம். திட்டத்தின் சொற்கள் தெளிவில்லாமல் இருக்கின்றன என்று ஆசிரியர்களே குறை சொல்கிறார்கள். ஒன்றை மறக்கக் கூடாது: முதல் வகுப்பில் 25 பிள்ளைகளுக்கு மேல் அங்கே சேர்க்க முடியாது. இரண்டிலும் மூன்றிலும் 30, அதற்கு மேல் 33. நம் கல்வி உரிமைச் சட்டமும் தொடக்கப் பள்ளியில் முப்பது பிள்ளைக்கு ஒரு ஆசிரியர் என்றுதான் சொல்கிறது. நம்மில் பலர் பணம் கட்டி அனுப்பும் பள்ளிகளில் ஒரே அறையில் ஐம்பது, அறுபது பேர். அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு ஒரு ஆசிரியை எல்.பி.எஸ். சாலையைக் கடக்க முடியுமா? முடியாது. அவரைக் குறை சொல்லவும் கூடாது.

அதனால் நான் கேட்பது சிறியது. 2024இல் மகாராஷ்டிர அரசு ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை ‘ஆனந்ததாயி சனிவார்’ என்று சனிக்கிழமையைப் பாடச்சுமை இல்லாத நாளாக அறிவித்திருக்கிறது. பல பள்ளிகளில் அந்த நேரம் படம் போட்டுக் காட்டுவதில் கழிகிறது. அதில் மாதம் ஒரு சனிக்கிழமையை ‘டி’ வார்டுக்குக் கொடுங்கள். வகுப்பை இரண்டாகப் பிரித்து, பெற்றோர் நாலு பேரைத் துணைக்கு அழையுங்கள். ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர்களும் வங்கிக்காரர்களும் முலுண்டில் நிறைய இருக்கிறார்கள், கூப்பிட்டால் வருவார்கள். பெற்றோர் கூட்டத்தில் அடுத்த முறை மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் இதைக் கேளுங்கள்.

(அடுத்த வாரம்: 1985இல் கேலிக் மொழிவழி வகுப்புகளைத் தொடங்கிய ஸ்காட்லாந்தும், எட்டு மொழிகளில் பள்ளி நடத்தும் மும்பை மாநகராட்சியும்)