தலைமை எனும் கலை – 12: ரன் அடிக்காத கேப்டன்

நன்றாக வேலை செய்கிறவரை அந்த வேலைக்கே மேலாளர் ஆக்கிவிடுவது நம் அலுவலகங்களின் வழக்கம். அதிகம் விற்றவர் விற்பனை மேலாளர் ஆவார். கணக்குப் பாடத்தில் கெட்டிக்காரரான ஆசிரியர் தலைமை ஆசிரியர் ஆவார். உழைப்புக்குப் பரிசு என்ற அளவில் இது நியாயம்தான். ஆனால் ஒருவருக்கு இயல்பாக வாய்த்த திறமையும் பிறரை வழிநடத்தத் தேவைப்படும் திறமையும் ஒன்றுதானா என்று யாரும் கேட்பதில்லை. 1981 கோடையில் இங்கிலாந்து கிரிக்கெட் அணி இந்தக் கேள்விக்குத் தன்னையறியாமல் ஒரு சோதனை நடத்திப் பார்த்தது. பெரும்பாலும் அதே ஆட்டக்காரர்கள், எதிரே அதே ஆஸ்திரேலியா; தொடரின் நடுவே கேப்டன் மாறினார்.

முதலில் கேப்டனாக இருந்தவர் இயன் போத்தம். 1980-ல் பொறுப்பேற்றபோது வயது 24. அப்போதே உலகின் தலைசிறந்த ஆல்ரவுண்டர்களில் ஒருவர். அவர் தலைமையில் ஆடிய 12 டெஸ்ட்களில் வெற்றி ஒன்றுகூட இல்லை. 4 தோல்வி, 8 டிரா. அதைவிடக் கவலை தந்தது அவருடைய சொந்த ஆட்டம். கேப்டனாக அவர் எடுத்த ரன் சராசரி 13 சொச்சம். 1981 தொடரின் லார்ட்ஸ் டெஸ்டில் இரண்டு இன்னிங்ஸிலும் டக் அவுட் ஆகிப் பதவி விலகினார். அடுத்த டெஸ்டுக்கு அழைத்துவரப்பட்டவர் மைக் பிரேர்லி. வயது 39. மொத்தம் 39 டெஸ்ட் ஆடி ஒரு சதமும் அடிக்காதவர், சராசரி 22.88. ரன் கணக்கை மட்டும் பார்த்தால் அணியில் இடம்பெறவே தகுதியில்லாதவர்.

அந்த டெஸ்டில், ஹெடிங்லியில் நடந்தது பலரும் அறிந்த கதை. ஃபாலோ ஆன் வாங்கிய இங்கிலாந்து, 7 விக்கெட்டுக்கு 135 என்று தவித்த நிலையிலிருந்து போத்தமின் ஆட்டமிழக்காத 149-ஆல் மீண்டு, கடைசியில் 18 ரன்னில் வென்றது. போத்தமின் மட்டையைப் பேசுகிற அளவுக்கு யாரும் பிரேர்லி செய்ததைப் பேசுவதில்லை. ஆட்டத்துக்கு முன் அவர் போத்தமிடம், ஆட விருப்பமா என்று நேராகக் கேட்டார். முதல் இன்னிங்ஸில் போத்தம் பந்தை விடும்போது பக்கவாட்டில் ஒதுங்குவதைக் கண்டு, மூன்றே ஓவரில் நிறுத்திக் கிண்டல் செய்து சீண்டினார். சீண்டலுக்குப் பதில் 6 விக்கெட்டாக வந்தது. கடைசி நாளில் ஆஸ்திரேலியாவுக்குத் தேவை 130. ஒரு விக்கெட்டுக்கு 56 எடுத்திருந்தது. காற்றை எதிர்த்து, மேட்டை நோக்கி வீசிக்கொண்டிருந்த பாப் வில்லிஸ் முனையை மாற்றித் தரக் கேட்டார். பிரேர்லி தந்தார், நோ-பால் விழுந்தாலும் கவலைப்படாமல் வேகமாக வீசு என்றார். சரிவில் ஓடிவந்த வில்லிஸ் 43 ரன் கொடுத்து 8 விக்கெட் சாய்த்தார். ஆஸ்திரேலியா 111-க்கு ஆல் அவுட். அடுத்து எட்ஜ்பாஸ்டனில், வீசத் தயங்கிய போத்தம் கையில் வற்புறுத்திப் பந்தைக் கொடுத்தார். 28 பந்தில் ஒரே ரன் கொடுத்து 5 விக்கெட்.

போத்தமைச் சீண்டினார், வில்லிஸின் கவலையைப் போக்கினார், ஒருவருக்குச் செய்ததை மற்றவருக்குச் செய்யவில்லை. ஆளைப் படிப்பதுதான் பிரேர்லிக்கு இயல்பாக வாய்த்த பலம். தத்துவம் படித்துப் பல்கலைக்கழகத்தில் கற்பித்தவர். பின்னாளில் உளப்பகுப்பாய்வாளர் ஆனார். நின்றதும் முதல் ஸ்லிப்பில். பந்து வீசுபவர், மட்டையாளர் இருவரையும் கவனிக்க முடிகிற இடம். போத்தமின் பலம் வேறு வகை. நெருக்கடி வந்தால் தானே இறங்கிச் செய்துவிடுகிற உள்ளுணர்வு அது. அதை அவர் யாருக்கும் பிரித்துக் கொடுக்க முடியாது. பிரேர்லியின் பலமோ இன்னொருவர் கை வழியாகத்தான் வெளிப்பட முடியும். தலைமைக்குப் பயன்படுவது இந்த இரண்டாவது வகைப் பலம் என்பதே என் வாதம்.

இதற்கு மறுப்புகள் உண்டு, வலுவானவையும் உண்டு. போத்தமின் 12 டெஸ்ட்களில் 9 வெஸ்ட் இண்டீஸுக்கு எதிரானவை. அது அன்று யாராலும் எளிதில் வெல்ல முடியாத அணி. கேப்டனாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த அணிக்கு எதிராகப் போத்தம் டெஸ்ட் சதம் அடித்ததே இல்லை. பிரேர்லியோ டெஸ்டில் அவர்களை ஒருமுறைகூடக் கேப்டனாக எதிர்கொள்ளவில்லை. அவருடைய 18 வெற்றிகளில் பல, கெர்ரி பேக்கரின் தனியார் தொடருக்கு முன்னணி ஆட்டக்காரர்கள் போய்விட்டதால் வலுவிழந்த அணிகளுக்கு எதிரானவை. 1979-80-ல் முழுபலத்தோடு ஆடிய ஆஸ்திரேலியாவிடம் 3–0 எனத் தோற்றார். எல்லாம் உண்மை. ஆகவே நல்ல தலைமை பலவீனமான அணியைப் பலசாலியாக்கும் என்று நான் சொல்லவில்லை. இருக்கிற பலத்தை முழுதாக வெளிக்கொணரும் என்றே சொல்கிறேன். ஒரே கோடையின் அதிர்ஷ்டம் என்றும் இதைத் தள்ள முடியாது. 1949-க்குப் பின் கவுன்டி பட்டத்தையே பார்க்காத மிடில்செக்ஸ், இவர் தலைமையில் 1976, 1977, 1980, 1982 என நான்கு முறை அதை வென்றது. 1977-ல் மட்டும் கென்ட் அணியோடு பகிர்ந்துகொண்டது.

பலத்தை நம்பி நடத்துகிறவர் தன் பலவீனத்துக்கும் விலை கொடுத்தாக வேண்டும். 1979 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் 287 ரன் இலக்கை நோக்கி பிரேர்லியும் பாய்காட்டும் முதல் விக்கெட்டுக்கு 129 சேர்த்தார்கள். அதற்கு 38 ஓவர் கரைந்தது. பின்னால் வந்தவர்கள் அவசரத்தில் சரிய, 194-ல் ஆட்டம் முடிந்தது. தனக்கு வராத வேலையைத் தலைவர் முன்வரிசையில் நின்று தானே செய்ததன் விலை அது. பலத்தைப் பயன்படுத்துவது என்றால் பலவீனம் இடிக்காத இடத்தில் தன்னை வைத்துக்கொள்வதும் அதில் அடங்கும்.

அப்படியானால் 1983 உலகக் கோப்பையை வென்ற இந்தியக் கேப்டன் கபில்தேவ்? அவரும் போத்தம் போல உள்ளுணர்வில் ஆடிய ஆல்ரவுண்டர்தானே என்று கேட்கலாம். அந்தத் தொடரில் ஜூன் 18-ல் ஜிம்பாப்வேக்கு எதிராக இந்தியா 17-க்கு 5 என்று நின்றபோது, 175 அடித்துக் காப்பாற்றியவர் அவரே. ஆனால் கோப்பையை வென்ற நாளில் அவர் அடித்தது 15 ரன். வெஸ்ட் இண்டீஸின் ரிச்சர்ட்ஸ் விளாசிக்கொண்டிருந்த வேளையில் இன்னொரு ஓவர் கேட்ட மதன்லாலிடம் பந்தைக் கொடுத்தார். ரிச்சர்ட்ஸ் தூக்கியடித்த பந்தைப் பின்னோக்கி ஓடிப் பிடித்ததும் கபில்தான். அவர் பிரேர்லியைப் போல ஆட்களைப் படித்து நடத்தவில்லை. தன் துணிச்சலைச் சக ஆட்டக்காரர்களுக்கும் தொற்றவைத்தார். எனவே தலைமைக்கு உகந்த குணம் இன்னதுதான் என்று பட்டியல் போடுவது வீண். துணிச்சலோ, பொறுமையோ, கூர்ந்து கவனிப்பதோ, ஒருவருடைய பலம் அடுத்தவருடைய வேலையை எளிதாக்குகிறதா என்பதே உரைகல்.

பதவி உயர்வுக்கான கோப்பில் கையெழுத்திடுகிறவர்கள் இந்த ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொண்டால் போதும்: இவர் பக்கத்தில் இருக்கும்போது மற்றவர்கள் முன்பைவிட நன்றாக வேலை செய்கிறார்களா? இல்லையென்றால் அவருக்கு ஊதியத்தைக் கூட்டுங்கள், பாராட்டுங்கள். செய்துகொண்டிருக்கும் வேலையிலேயே விட்டுவிடுங்கள். கேப்டன் சுமை இறங்கியபின் போத்தம் அந்தத் தொடரை 399 ரன், 34 விக்கெட்டோடு முடித்தார். பதவி போனது அவருக்கும் லாபம், அணிக்கும் லாபம். ஆனால் தன் பலம் எது என்பதை ஒருவர் தானே சரியாகக் கணிக்க முடியுமா, பிறர் சொல்லித்தான் தெரியுமா? அடுத்த வாரம் பார்ப்போம்.