கடிகாரத்தின் முதுகில் ஓர் அம்பு

பழைய கைக்கடிகாரம் ஒன்றைத் திருப்பிப் பார்க்கிறோம். பின்மூடியில் மூன்று கோடுகள் மேலே ஒரு முனையில் கூடும் அம்புக்குறி ஒன்று, ‘டபிள்யூ’ என்னும் ஆங்கில எழுத்து மூன்று முறை, ‘ஒய்’ என்று தொடங்கும் ஓர் எண், மற்றுமோர் எண். இவற்றின் பொருள் என்ன? கடிகாரக் கூட்டின் குறிகள் பெரும்பாலும் அதை அணிபவர் படிப்பதற்காகப் பொறிக்கப்பட்டவை அல்ல. ஆதலின், யார் பொறித்தார், யார் படிக்கப் பொறித்தார் என்று கேட்டால்தான் புதிர் அவிழும்.

அம்பு பிரிட்டிஷ் அரசின் உடைமைக்குறி. பாய்மரத்துக்கென்று அமெரிக்கக் காடுகளில் ஒதுக்கிய மரங்கள் முதல் கைதிகளின் உடை வரை இக்குறி இடப்பட்டதுண்டு. அதனை அழிப்பது 1875ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இரண்டு அம்புகள் முனையோடு முனை சந்தித்தால், அரசு அப்பொருளை விற்றுவிட்டது என்று பொருள்.

மூன்று எழுத்துகளோ பண்டகசாலைக்காரரின் மொழி. பொருளின் பெயர் முதலிலும் அடைமொழிகள் பின்னும் வருவது அவர்கள் பட்டியலின் வழக்கம்: ‘வாட்ச், ரிஸ்ட், வாட்டர்ப்ரூஃப்’. அதாவது கடிகாரம், கைக்குரியது, நீர் புகாதது. (‘ரிஸ்ட்’ என்பதும் எழுத்தில் டபிள்யூவோடுதான் தொடங்குகிறது, ஒலியில் அது மறைந்துவிடுகிறது.) இவ்வகைக் கடிகாரங்களைச் சுவிட்சர்லாந்தில் செய்வித்து, பன்னிரண்டு நிறுவனங்கள் 1945ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் படைக்கு அளித்தன. ‘ஒய்’ ஒமேகாவுக்குரிய எழுத்து. அதை அடுத்து வருவது படையின் பதிவெண். மற்றது தொழிற்சாலையின் எண்.

இவ்வளவு தெரிந்தபின்னும் ஓர் எச்சரிக்கை தேவை. குறி கூட்டைப் பற்றித்தான் சாட்சி சொல்லும். படையின் பழுதுபார்க்கும் கூடங்களில் ஒரு கடிகாரத்தின் உறுப்பை மற்றொன்றில் பொருத்துவது இயல்பு. ஆகவே உள்ளிருக்கும் இயந்திரம் வேறொன்றினுடையதாக இருக்கலாம். மூடியின் உட்புறத்தில் ஊசியால் கீறியது போன்ற எழுத்தும் எண்ணும் தென்பட்டால், அவை பழுதுபார்த்தவர் தமக்காக எழுதிக்கொண்ட நினைவுக்குறிப்பு. அவற்றைக் கறையென்று எண்ணித் தேய்த்துவிடுவோர் கடிகாரத்தின் வரலாற்றையே தேய்த்துவிடுகின்றனர்.

ஆயினும் மூடியை நாமாகத் திறந்து பார்க்க முனைவது தகாது. அக்காலத்துப் படைக்கடிகாரங்கள் இருளில் ஒளிர்வதற்காக, முள்ளிலும் முகப்பிலும் ரேடியம் கலந்த பூச்சு இடப்பட்டது. இன்று அது ஒளிராது. அதனால் தீங்கு நீங்கிவிட்டது என்று பலர் கருதுகின்றனர். ஒளி தரும் துத்தநாக சல்ஃபைடு மட்டுமே சிதைந்தது. ரேடியமோ பாதியாகக் குறைவதற்கே ஏறக்குறைய 1,600 ஆண்டுகள் வேண்டும். உதிர்ந்த பூச்சின் துகள் மூச்சோடு உட்செல்வதே பெரும் அபாயம். பிற்காலத்துப் படைக்கடிகாரங்களின் முகப்பில் வட்டத்துக்குள் ‘டி’ என்ற எழுத்தைக் காணலாம். அது டிரிட்டியத்தைக் குறிப்பது. அப்பொருள் பாதியாவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குச் சற்று மேல் போதும்.