600 கிலோ விமானத்தில் இன்ஜின் நின்றால்

இலகு விளையாட்டு விமானம் என்பது பொதுவாக இருவர் உட்காரக்கூடிய, ஒற்றை இன்ஜின் கொண்ட சிறு விமானம். அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.ஏ.ஏ., 2004-இல் இதற்கெனத் தனி விதிகளை வகுத்தது. ஆட்கள், எரிபொருள், பைகள் அனைத்தும் சேர்ந்து விமானத்தின் எடை 600 கிலோவைத் தாண்டக் கூடாது என்றன அந்த விதிகள். ஆளில்லாமல் நிற்கும் மாருதி 800 காரின் எடையே இதைவிட அதிகம். சமமட்டத்தில் பறக்கும்போது விமானத்தின் உச்ச வேகம் 120 நாட்டுக்குள், அதாவது மணிக்கு சுமார் 222 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டியிருந்தது. இறக்கை தூக்குவிசையை இழக்கும் 'ஸ்டால்' வேகம் 45 நாட்டுக்கு, அதாவது மணிக்கு 83 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பதும் அன்றைய விதி. 2025 ஜூலையில் எஃப்.ஏ.ஏ. இந்த விதிகளைத் திருத்தியபோது எடை வரம்பைக் கைவிட்டு, ஸ்டால் வேகத்தையே முதன்மை அளவுகோலாக வைத்தது. அதற்குத் தகுந்த காரணம் உண்டு. மெதுவாகத் தரையிறங்க முடிகிற விமானம், வயலில் இறங்க நேர்ந்தாலும் உள்ளே இருப்பவர்களை உயிரோடு விடுகிறது.

அதே மெதுவான வேகத்துக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. இந்த விமானத்தின் கைவசம் வேகச் சேமிப்பு அதிகம் கிடையாது. பெரிய விமானத்தில் தவறைத் திருத்திக்கொள்ளக் கிடைக்கும் அவகாசம் இதில் கிடைக்காது. ஆபத்து நேரத்தில் என்ன செய்வது என்பதைத் தரையில் இருக்கும்போதே முடிவு செய்து, கைக்குப் பழக்கிவைத்திருக்க வேண்டும் என்பது இதனால்தான். அமெரிக்காவில் விளையாட்டு விமானி உரிமத்துக்குக் குறைந்தபட்சம் 20 மணி நேரப் பறப்புப் பயிற்சி போதும். உரிமம் பெற அது போதுமானதாக இருக்கலாம். நெருக்கடியில் கை தானாக இயங்குவதற்கு அது போதாது. ஒவ்வொரு விமானத்துக்கும் அதன் தயாரிப்பாளர் தரும் இயக்கக் கையேட்டில் அவசரகால நடைமுறைகளுக்கென்று தனிப் பகுதி உண்டு. அதன் முதல் சில வரிகளைக் கையேட்டைத் திறக்காமலே சொல்லத் தெரிய வேண்டும். இன்ஜின் நின்ற பிறகு பக்கம் புரட்ட நேரம் இருக்காது.

பாதுகாப்பு, எரிபொருள் தொட்டியின் அடியிலுள்ள சிறு வடிகுழாயில் தொடங்குகிறது. பறப்பதற்கு முன் அதிலிருந்து கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்துப் பார்ப்பார்கள். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் தனியாகத் தேங்கி நிற்கும். இந்த வகை விமானங்களில் பெரும்பாலும் இருப்பது ஆஸ்திரியத் தயாரிப்பான ரோட்டாக்ஸ் 912 இன்ஜின். நான்கு சிலிண்டர், 80 அல்லது 100 குதிரைத்திறன். கார் பெட்ரோலிலேயே ஓடும். ஆனால் எத்தனால் கலப்பு 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது தயாரிப்பாளரின் வரம்பு. இந்தியப் பெட்ரோல் பங்குகளில் இப்போது கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். இங்கே இந்த இன்ஜினை இயக்குவோர் எக்காரணம் கொண்டும் மறக்கக் கூடாத வேறுபாடு இது.

ஆயில் அளவைப் பார்ப்பதிலும் ரோட்டாக்ஸுக்குத் தனி முறை இருக்கிறது. ஆயில் தனித் தொட்டியில் இருப்பதால், சுவிட்சுகளை அணைத்துவிட்டு, புரொப்பெல்லரை அது சுழலும் திசையிலேயே கையால் மெல்லச் சுற்ற வேண்டும். தொட்டிக்குள் ஏப்பம் விட்டதுபோல ஒரு 'களக்' ஓசை கேட்கும். இன்ஜினில் தங்கியிருந்த ஆயில் தொட்டிக்குத் திரும்பிவிட்டதன் அடையாளம் அது. அதற்குப் பிறகு பார்க்கும் அளவுதான் சரியான அளவு.

அடுத்தது எடைக் கணக்கு. வெறும் விமானம் 350 கிலோ என்று வைத்துக்கொண்டால் மீதம் 250. தலா 80 கிலோ எடையுள்ள இருவர் ஏறினால் 90. தொட்டியில் 100 லிட்டர் பெட்ரோல் நிரப்பினால் அதுவே 72 கிலோ. மிஞ்சுவது 18 கிலோ. ஒரு நடுத்தரப் பை. ஆட்கள் சற்றே பருமனாக இருந்தால் பெட்ரோலைக் குறைத்தாக வேண்டும். எடை எங்கே வைக்கப்படுகிறது என்பதும் முக்கியம். பின்பக்கம் பாரம் கூடினால் மூக்கு மேலே தூக்கிக்கொள்ளும். ஸ்டாலிலிருந்து மீள்வது கடினமாகிவிடும்.

தரையை விட்டு எழும்பிய முதல் ஒரு நிமிடம்தான் மிகவும் கவனம் தேவைப்படும் நேரம். மூக்கு மேல்நோக்கி இருக்கிறது, உயரம் குறைவு, வேகமும் குறைவு. 65 நாட் வேகத்தில் மேலேறும் விமானத்தில் இன்ஜின் நின்றுவிட்டது என்று கொள்வோம். மூக்கை அப்படியே விட்டுவைத்தால், காற்றின் இழுவையும் புவியீர்ப்பும் சேர்ந்து நொடிக்கு ஏறக்குறைய 5 நாட் வீதம் வேகத்தைத் தின்னும். நான்கே நொடிகளில் வேகம் 45 நாட்டுக்கு இறங்கி, இறக்கை தூக்குவிசையை இழக்கும் விளிம்புக்கு வந்துவிடும். திகைப்பிலேயே மனிதனுக்கு இரண்டு, மூன்று நொடிகள் போய்விடும். ஆகவே முதல் செயல் ஒன்றே ஒன்று: கட்டுப்பாட்டுத் தண்டை உடனே முன்னே தள்ளி, மூக்கைத் தாழ்த்துவது. தரை முகத்தை நோக்கி எழும்பி வருவதுபோல் தெரியும். உள்ளுணர்வு தண்டைப் பின்னால் இழுக்கச் சொல்லும். அந்த உள்ளுணர்வை வெல்வதற்குத்தான் பயிற்சி.

இரண்டாவது ஈர்ப்பு, பின்னாலேயே இருக்கும் ஓடுபாதைக்குத் திரும்பிவிடலாம் என்பது. இது பலரைக் கொன்ற யோசனை. அரைவட்டம் திரும்பினால் போதும் என்று தோன்றும். ஆனால் அரைவட்டம் முடிகிறபோது விமானம் ஓடுபாதைக்குப் பக்கவாட்டில் இருநூறு மீட்டருக்கும் மேல் விலகி நிற்கும். ஓடுபாதையின் நேர்க்கோட்டுக்கு வர இன்னும் திரும்ப வேண்டும், பிறகு மறுபடி எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும். விமானம் சாயச் சாய ஸ்டால் வேகமும் ஏறுகிறது: 45 பாகைச் சாய்வில் 19 சதவீதம், 60 பாகையில் 41 சதவீதம். நேராகப் பறக்கையில் 45 நாட்டில் ஸ்டால் ஆகும் விமானம், 60 பாகைச் சாய்வில் ஏறக்குறைய 64 நாட்டிலேயே ஸ்டால் ஆகிவிடும். சறுக்கும் வேகமே அவ்வளவுதான். அதனால், 500 அடிக்குக் கீழே இன்ஜின் நின்றால் நேர் எதிரிலோ, இடவலமாக 30 பாகைக்குள்ளோ தெரியும் இடத்தில் இறங்குவது என்று பயிற்சியாளர்கள் சொல்லித்தருகிறார்கள். ஓடுபாதையில் ஓடத் தொடங்குமுன் இந்த முடிவை விமானி வாய்விட்டுச் சொல்லிக்கொள்வது நல்ல பழக்கம்.

உயரத்தில் இருக்கும்போது நின்றால் நிலைமை எவ்வளவோ மேல். இன்ஜின் இல்லாத விமானம் கல்லைப்போல் விழுவதில்லை, சறுக்கிக்கொண்டே இறங்குகிறது. ஒரு பங்கு உயரத்தை இழந்து ஒன்பது பங்கு தூரம் போகிற விமானம், தரையிலிருந்து 3,000 அடி உயரத்தில் இருந்தால் காற்றில்லாத நாளில் சுமார் 8 கிலோமீட்டர் போகலாம். 60 நாட் வேகத்தில் அதற்கு நான்கு நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். அந்த நான்கு நிமிடங்களுக்கும் ஒரு வரிசை உண்டு: முதலில் விமானத்தைப் பறக்க வை, பிறகு எங்கே போவதென்று பார், கடைசியாகப் பேசு. கையேடு சொல்லும் சறுக்கு வேகத்தைப் பிடித்துக்கொண்டு, இறங்கும் இடத்தைத் தேர்ந்தெடுத்து, அதை நோக்கித் திரும்பிய பிறகே இன்ஜினை மீண்டும் கிளப்பிப் பார்க்க வேண்டும். இடத்தைத் தேடும்போது மின்கம்பிகளைவிட மின்கம்பங்களைத் தேடுவது நல்லது. மேலிருந்து கம்பி கண்ணில் படாது.

மறுபடி கிளப்பும் முயற்சியில் பார்க்க வேண்டியவை சில: எரிபொருள் வால்வு திறந்திருக்கிறதா, அடுத்த தொட்டியில் பெட்ரோல் இருக்கிறதா, துணைப் பம்பு ஓடுகிறதா, இரண்டு இக்னிஷன் சுவிட்சுகளும் போடப்பட்டிருக்கின்றனவா. கார்புரேட்டர் உள்ள இன்ஜினில் பனியையும் சந்தேகிக்க வேண்டும். கார்புரேட்டரின் குறுகிய கழுத்தில் காற்று விரிவதாலும் பெட்ரோல் ஆவியாவதாலும் வெப்பம் சட்டென்று இறங்குகிறது. வெளியே 20 பாகை செல்சியஸ் இருந்தாலும், காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் உள்ளே பனி கட்டும். குளிர்நாட்டுப் பிரச்சினை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. ரோட்டாக்ஸில் புரொப்பெல்லருக்கும் இன்ஜினுக்கும் இடையே பற்சக்கரப் பெட்டி இருப்பதால், நின்ற புரொப்பெல்லர் எதிர்க்காற்றில் தானாகச் சுழன்று இன்ஜினைக் கிளப்புவது அரிது. ஸ்டார்ட்டரைத்தான் நம்ப வேண்டும். பெங்களூரு தேசிய விண்வெளி ஆய்வகம் உருவாக்கிய ஹன்சா-என்.ஜி. இரு இருக்கை விமானம், எடையில் அந்தப் பழைய 600 கிலோ வரம்புக்கு மேலே. அதன் இன்ஜினும் ரோட்டாக்ஸ்தான். 2022 மே மாதம் கர்நாடகத்தின் சள்ளகெரேயில் 7,000, 8,000 அடி உயரத்தில் அதன் இன்ஜினை வேண்டுமென்றே நிறுத்தி மீண்டும் கிளப்பிச் சோதித்தார்கள்.

இன்ஜின் கிளம்பவில்லை, இறங்கியே ஆக வேண்டும் என்றால் காற்றுக்கு எதிராக இறங்குவதே முக்கியம். 10 நாட் காற்றில், 50 நாட் வேகத்தில் இறங்கும் விமானம் எதிர்க்காற்றில் தரையை 40 நாட்டில் தொடும். பின்காற்றில் 60 நாட்டில் தொடும். மோதலின் ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. 40-க்கும் 60-க்கும் உள்ள வித்தியாசம் பாதிதானே என்று தோன்றினாலும், ஆற்றல் இரண்டேகால் மடங்காகிறது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தை மூன்று மீட்டருக்குள் சீராக அடக்க முடிந்தால், உடல்மேல் விழும் விசை புவியீர்ப்பைப்போல் எட்டு, ஒன்பது மடங்குதான். தோள்வாரால் இறுகக் கட்டப்பட்ட உடல் அதைத் தாங்கும். பயிரும் புதரும் வேலியும் அந்த மூன்று மீட்டரைத் தந்துவிடும். இறக்கைகள் பிய்ந்தாலும் பரவாயில்லை. விமானத்தைக் காப்பாற்றும் எண்ணத்தை அப்போதே விட்டுவிட வேண்டும்.

தரையைத் தொடுமுன் எரிபொருள் வால்வையும் இக்னிஷனையும் அணைக்க வேண்டும். பல விமானங்களில் இறக்கையின் பின்விளிம்பு மடலான ஃபிளாப் மின்சாரத்தில் இயங்குவதால், ஃபிளாப்பை இறக்கிய பிறகே மின் சுவிட்சை அணைக்க வேண்டும். வரிசை மாறினால் ஃபிளாப் இறங்காது, தொடும் வேகம் கூடிவிடும். கையேடு சொல்லும் விமானங்களில் கதவின் தாழ்ப்பாளையும் முன்கூட்டியே விடுவித்துவைக்க வேண்டும். சட்டகம் நெளிந்தால் கதவு சிக்கிக்கொள்ளும். நேரம் இருந்தால், ஏற்கெனவே பேசிக்கொண்டிருக்கும் அலைவரிசையிலோ 121.5 மெகாஹெர்ட்ஸிலோ 'மேடே' என்று மூன்று முறை சொல்லி, இருக்கும் இடத்தைத் தெரிவிக்கலாம். ராடாருக்குப் பதில் சமிக்ஞை அனுப்பும் டிரான்ஸ்பாண்டரில் 7700 என்ற எண்ணைப் போட்டால் ராடார் திரையில் அது அவசரநிலையாகத் தெரியும்.

பறக்கும்போது தீப்பிடிப்பது அரிது. பிடித்தால் எரிபொருளை மூடி, த்ராட்டிலை முழுதாகத் திறக்கச் சொல்கின்றன பல கையேடுகள். குழாயில் மிச்சமிருக்கும் பெட்ரோலை இன்ஜினே விரைவில் எரித்துத் தீர்த்துவிடும் என்பதுதான் காரணம். வெப்பக்காற்று உள்ளே வரும் வழியையும் அடைத்துவிட்டு, சீக்கிரம் இறங்க வேண்டும். த்ராட்டில் கம்பி அறுந்துபோகும் சந்தர்ப்பத்துக்கு ரோட்டாக்ஸின் கார்புரேட்டர்களில் ஒரு ஏற்பாடு இருக்கிறது: கம்பி விடுபட்டால் ஸ்பிரிங் இழுத்து, இன்ஜின் முழு வேகத்துக்குப் போகும். விசை இல்லாமல் காட்டில் இறங்குவதைவிட, முழு விசையோடு விமான நிலையம் வரை வந்து, ஓடுபாதை கைக்கெட்டும் தூரத்தில் இக்னிஷனை அணைத்துச் சறுக்கி இறங்குவது மேல் என்று வடிவமைப்பாளர்கள் நினைத்திருக்கிறார்கள். சரியான முடிவு.

வேகம் குறைந்து, ஒரு இறக்கை முன்னதாக ஸ்டால் ஆனால் விமானம் சுழன்றுகொண்டே கீழே இறங்கும். இதுதான் ஸ்பின். த்ராட்டிலைக் குறை, தண்டைப் பக்கவாட்டில் நடுவே வை, சுழற்சிக்கு எதிர்ப்பக்கம் ரடர் பெடலை முழுதாக மிதி, தண்டை முன்னே தள்ளு, சுழற்சி நின்றதும் மெல்ல மூக்கைத் தூக்கு. மீள்வதற்குப் பல நூறு அடி உயரம் செலவாகும். தரையிறங்கக் கடைசித் திருப்பம் எடுக்கும் உயரத்தில் அந்த அளவு மிச்சம் இருக்காது; அங்கே ஸ்பின் வராமல் பார்த்துக்கொள்வது ஒன்றே வழி. இந்த வகை விமானங்கள் பலவற்றில் வேண்டுமென்றே ஸ்பின் செய்வதற்குத் தடையும் உண்டு.

எல்லாம் ஒழுங்காக நடக்கிற பறப்பிலும் தரையிறக்கம் சிரமம் தரும். லேசான விமானத்தைப் பக்கக்காற்று எளிதில் அலைக்கழிக்கும். தொட்டவுடன் துள்ளி எழும்பினால், தண்டை முன்னே அழுத்தி வலுக்கட்டாயமாக இறக்கப் பார்ப்பது முன்சக்கரத்தை ஒடிக்கும். த்ராட்டிலைத் திறந்து மேலே போய், இன்னொரு சுற்று வந்து இறங்க வேண்டும்.

இத்தனையும் கைகொடுக்காதபோது கடைசி வழி, விமானத்தையே தாங்கும் பாராசூட். 1975-இல் மினசோட்டாவில் ஹேங் கிளைடர் காற்றிலேயே உடைந்து ஏரியில் விழுந்து உயிர்தப்பிய போரிஸ் பாப்போவ், 1980-இல் இதற்கென்றே பி.ஆர்.எஸ். நிறுவனத்தைத் தொடங்கினார். கைப்பிடியை இழுத்தால் சிறு ராக்கெட் ஒன்று பாராசூட்டை வெளியே இழுத்துச் செல்லும். விமானம் நொடிக்கு 6 முதல் 8 மீட்டர் வேகத்தில் தரையில் உட்காரும். இரண்டு, மூன்று மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். இறக்கை முறிந்தால், நடுவானில் மோதல் நேர்ந்தால், விமானி மயங்கினால், கீழே இறங்க இடமே இல்லாத மலைக்காடு இருந்தால் இதுவே வழி. இன்ஜினை முதலில் நிறுத்திவிட்டு இழுப்பது, கயிறு புரொப்பெல்லரில் சிக்காமல் காக்கும். இழுத்த பிறகு விமானம் எங்கே இறங்கும் என்பது காற்றின் கையில்.

விழுந்து கிடக்கும் சிறு விமானத்தை முதலில் சென்றடைபவர்கள் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள்தான். பாராசூட் விரியாமல் விழுந்திருந்தால் ராக்கெட் இன்னும் வெடிக்கும் நிலையிலேயே இருக்கும். அது வெளியேறும் இடத்தில் எச்சரிக்கைப் படம் ஒட்டப்பட்டிருக்கும். உதவிக்கு ஓடுகிறவர்கள் அந்தப் பக்கம் நிற்காமல், காக்பிட்டில் இருக்கும் சிவப்புக் கைப்பிடியைத் தொடாமல், அதனோடு இணைந்த கம்பியை அறுக்காமல், மறுபக்கமாகச் சென்று உள்ளே இருப்பவர்களை வெளியே எடுக்க வேண்டும்.