குக்கூ... மணி மூணு!

மணி மூன்று. சுவரில் தொங்கும் மரவீட்டின் குட்டிக் கதவு படக்கென்று திறக்கிறது. எட்டிப் பார்க்கும் பறவை மூன்று முறை 'குக்கூ' என்று கூவிவிட்டு உள்ளே ஓடிவிடுகிறது. வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால், நாலு மணி எப்போது ஆகும் என்று அங்கேயே நின்றுவிடும்!

இந்தக் கடிகாரத்தின் பிறந்த வீடு, ஜெர்மனியின் தென்மேற்கில் உள்ள பிளாக் ஃபாரஸ்ட் மலைக்காடு. பனிக்காலத்தில் வயல்வேலை கிடையாது, மரத்துக்கோ பஞ்சமில்லை. 18-ம் நூற்றாண்டில் அங்கிருந்த விவசாயக் குடும்பங்கள் கடிகாரம் செய்ய உட்கார்ந்தன. உள்ளே சுழலும் பல்சக்கரங்கள்கூட அப்போது மரம்தான். செய்து முடித்ததை முதுகில் சுமந்து ஊர் ஊராக விற்றார்கள்.

உண்மையில் கூவுவது பறவை அல்ல. உள்ளே இரண்டு ஊதுகுழல்கள். ஒவ்வொன்றின் தலையிலும் ஆர்மோனியத்தில் இருப்பது போல ஒரு குட்டித் துருத்தி. கடிகாரம் அவற்றைத் தூக்கித் தூக்கி விடும்போது, ஒன்று மேல் சுரத்தில் 'குக்' என்கிறது, மற்றது கீழே இறங்கி 'கூ' என்கிறது. அவ்வளவுதான் சூட்சுமம். பாவம், அடுத்த பறவையின் கூட்டில் முட்டையிடும் குக்கூவுக்கு மனிதன்தான் சொந்த வீடு கட்டிக் கொடுத்திருக்கிறான்!

ஆரம்பத்தில் இது பூ வரைந்த வெறும் மரப்பலகைதான். 1850-ல் இந்தக் கைத்தொழில் நலிந்து கிடந்தது. ஃபுர்ட்வாங்கன் ஊரின் கடிகாரப் பள்ளித் தலைவர் ராபர்ட் கெர்விக், புது வடிவங்கள் கேட்டுப் போட்டி வைத்தார். ரயில்வே கட்டடங்கள் வடிவமைத்து வந்த ஃப்ரீட்ரிக் ஐசன்லோர், தண்டவாளக் காவலரின் வீட்டு முகப்பையே வரைந்து அனுப்பினார். இன்று நாம் பார்க்கும் சரிவுக் கூரை அங்கிருந்து வந்ததுதான். பிறகு மான் தலை, குறுக்கே வைத்த துப்பாக்கிகள், செதுக்கிய இலைகள், பைன் காய் வடிவ எடைக்குண்டுகள் எல்லாம் சேர்ந்துகொண்டன.

மூன்றாவது ரகம், நடனமாடும் ஜோடியும் சுழலும் நீர்ச்சக்கரமும் உள்ள மலைவீடு. இது ஸ்விட்சர்லாந்து பாணி. 'தி தேர்ட் மேன்' (1949) படத்தில் ஆர்சன் வெல்ஸ் பேசும் வசனமும் குக்கூ கடிகாரத்தை ஸ்விஸ்காரர்கள் கணக்கில்தான் எழுதியது. ஜெர்மனிக்காரர்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

வாங்குபவர்கள் ஏமாறுவது வேறொரு இடத்தில். பார்க்க அச்சு அசலாக இருக்கும். உள்ளே பேட்டரி, பதிவு செய்த குரல். விளக்கை அணைத்தால் பேசாமல் இருக்கும் என்பது அதில் ஒரு வசதி. அசல் கடிகாரத்துக்குச் சங்கிலியை இழுத்து எடைக்குண்டை மேலேற்ற வேண்டும். தினமும் இழுப்பது ஒரு வகை, வாரம் ஒருமுறை இழுப்பது இன்னொன்று. மணிக்கணக்கும் அரைமணிக்கு ஒன்றுமாக ஒரு நாளைக்கு 180 முறை கூவும். தூக்கம் முக்கியம் என்பவர்கள், இரவில் குரலை நிறுத்தும் வசதி இருக்கிறதா என்று கேட்டு வாங்குவது நல்லது.

நேரம் பிந்தினால் ஊசலில் உள்ள மர இலையைக் கொஞ்சம் மேலே தள்ளினால் போதும், முந்தினால் கீழே. பறவை வெளியே வந்தும் சத்தம் வரவில்லையா? பெரும்பாலும் துருத்தியின் உறை கிழிந்திருக்கும். அதை மாற்றினால், தாத்தா காலத்துக் கடிகாரமும் மறுபடி கூவும்.