புல்லுக்குக் கீழே ஒரு மணல் தொட்டி

கோல்ஃப் திடலில் குழியைச் சுற்றி ஒட்ட வெட்டப்பட்டிருக்கும் புல்தளத்துக்குக் ‘கிரீன்’ என்று பெயர். திடலின் பரப்பில் அது சிறு பங்கே எனினும், 72 அடிகளில் முடிய வேண்டிய ஆட்டத்தில் 36 அடிகள் அதன் மேல் உருட்டுவதற்கென்றே கணக்கிடப்பட்டிருப்பதால், திடலின் மதிப்பு பெரிதும் இத்தளத்தைப் பொறுத்தே அமைகிறது.

ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் உயரத்தில் அன்றாடம் வெட்டுப்படும் இப்புல்லின் அடியில், செத்த தண்டுகளும் வேர்களும் மட்காமல் சேர்ந்து பஞ்சுபோன்ற படலமாகி, நீரைத் தேக்கி, வேர்களை மூச்சுமுட்ட வைக்கின்றன. விரல் பருமனில் துளையிட்டு மண் உருளைகளை எடுத்துவிட்டு மணல் நிரப்புவது வழக்கமான வைத்தியம். அது பலிக்காதபோதுதான் தளத்தையே அகழ்ந்து புதுப்பிக்க நேரிடுகிறது.

அப்போது பெரும்பாலும் பின்பற்றப்படுவது, அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1960-இல் வெளியிட்ட முறை. வடிகுழாய்களின் மேல் 10 சென்டிமீட்டர் சரளை, அதற்கு மேல் 30 சென்டிமீட்டர் அளந்து தேர்ந்த மணல் என்பதே அதன் அமைப்பு. நுண்மணலின் துளைகள் நீரை இறுகப் பிடித்துக்கொள்ள, சரளையின் பெரிய இடைவெளிகளுக்கு அந்த இழுவிசை இல்லாததால், மணல் நிறைந்த பின்னரே மிகுநீர் கீழே இறங்குகிறது. நனைந்த கடற்பஞ்சு நிறையும்வரை சொட்டாதிருப்பது போன்றதே இது; வறட்சிக்கு இருப்பும் மழைக்கு வடிகாலும் ஒரே தொட்டியில் கிடைத்துவிடுகின்றன.

குளிர்நாடுகளில் இம்மணலில் விதைக்கப்படும் ‘பென்ட்’ புல்லின் விதை, ஒரு கிராமில் பத்தாயிரத்துக்கும் மேல் அடங்குமளவு பொடியானது. ஆழத்தில் புதைந்தால் முளைக்காது என்பதால் மேலாக அழுத்திவிட்டு, மணற்பரப்பு காயாதபடி நாளுக்குப் பலமுறை பூந்தூறலாக நீர் தெளிக்கின்றனர். முளைத்த புல்லையும் உயரமாகவே வெட்டத் தொடங்கி, வாரக்கணக்கில் சிறிது சிறிதாகத் தாழ்த்துகின்றனர். இப்பொறுமைதான் பணியின் கடினமான பகுதி எனலாம்.

வெப்பநாட்டுத் திடல்களின் புல்லோ தமிழருக்கு அந்நியமன்று. ‘பெர்முடா’ எனப்படுவது அருகம்புல்லே. அமெரிக்காவின் அகஸ்டா திடல் 1981 போட்டிக்கு முன் கிரீன்களில் அருகை அகற்றிப் பென்ட்டுக்கு மாற, பைன்ஹர்ஸ்ட்டின் இரண்டாம் எண் திடலோ 2014-க்குப் பின் பென்ட்டை விட்டு ‘சாம்பியன்’ என்னும் குட்டை அருகுக்கு மாறியது. இவ்வகைக் கலப்பின அருகுகள் மலட்டுத்தன்மை உடையவை. விதை என்பதே அவற்றுக்கு இல்லை. ஆகவே ‘அருகுபோல் வேரோடி’ என்று மணமக்களை வாழ்த்தும் வழக்கம் எதைக் கண்டு தோன்றியதோ, அந்த இயல்பையே நம்பி, கணுத்துண்டுகளை மணலில் தூவி, லேசாக அழுத்தி, அவை வேர்விடக் காத்திருக்கின்றனர்.