வங்கி வாடகைக்கு இருந்தால் மட்டும் போதுமா?



அமெரிக்காவில் இருக்கும் நம் பிள்ளைகள் சிலர், அங்கே பழைய ஆலை நகரங்களில் மலிவாக வரும் கடை வளாகங்களை வாங்கலாமா என்று வீட்டாரிடம் யோசனை கேட்கிறார்கள். "வங்கிதான் பெரிய வாடகைதாரர், பத்து வருட ஒப்பந்தம் இருக்கிறது, பயமே இல்லை" என்பது தரகர்களின் பேச்சு. குடும்பச் சேமிப்பை அனுப்புமுன் சில விஷயங்களை விளங்கிக்கொள்வது நல்லது.

இத்தகைய சொத்துக்கு விலை வைப்பதே வாடகையை வைத்துத்தான். உதாரணமாக, வருட வாடகை 60,000 டாலர் என்றால், 6 சதவீத வருமானக் கணக்கில் விலை 10 லட்சம் டாலர். வங்கி காலி செய்து, அடுத்து வருபவர் 30,000 டாலர்தான் தருவார் என்றால்? வாங்குபவரும் துணிவுக்கு ஈடாக 8 சதவீதம் எதிர்பார்ப்பார். அப்போது அதே கட்டடத்தின் விலை 3,75,000 டாலர். ஆக, நாம் விலை கொடுப்பது கட்டடத்துக்கு அல்ல, வங்கியின் கையெழுத்துக்கு.

கையெழுத்தின் காலம் முடிந்ததும் மிஞ்சுவது அந்த ஊர்தான். ஒஹாயோ மாநிலத்தின் யங்ஸ்டவுன் நகரைப் பாருங்கள். எஃகு ஆலைகளால் வாழ்ந்த ஊர். 1977 செப்டம்பர் 19 அன்று பெரிய ஆலை ஒன்றின் மூடல் அறிவிக்கப்பட்டது. சுமார் 5,000 பேர் வேலை இழந்தார்கள். அடுத்தடுத்து மற்ற ஆலைகளும் மூடின. 1930இல் 1,70,000 ஆக இருந்த மக்கள்தொகை 2020இல் 60,000 ஆகிவிட்டது. ஆள் குறைந்த ஊரில் காலியான கடைக்கு ஆள் பிடிப்பது கஷ்டம். கைப்பேசியிலேயே பணப் பரிமாற்றம் நடப்பதால் வங்கிகளும் கிளைகளைக் குறைத்து வருகின்றன. பெட்டக அறையும் கார் நிறுத்திப் பணம் எடுக்கும் பாதையும் உள்ள கட்டடத்தை வேறு கடைக்கு மாற்றுவதும் செலவுதான்.

வங்கியே திவாலானால், பொறுப்பேற்கும் அரசு அமைப்பான எஃப்.டி.ஐ.சி. வாடகை ஒப்பந்தத்தை ரத்து செய்ய அங்குள்ள சட்டம் இடம் தருகிறது. ரத்தாகும் நாள்வரையுள்ள வாடகையைத்தான் கேட்க முடியும். மீதி வருடங்களுக்கு நஷ்டஈடு கிடையாது.

எனவே ஒப்பந்தத்தைச் சொந்த வக்கீலிடம் காட்டி இவற்றைக் கேளுங்கள்:

1. ஒப்பந்தத்தில் இன்னும் எத்தனை வருடம் மீதி? இடையில் விலக வங்கிக்கு உரிமை உண்டா?
2. வரி, காப்பீடு, கூரைப் பழுது யார் பொறுப்பு?
3. வங்கி போனால் மற்ற கடைக்காரர்கள் வாடகையைக் குறைக்கலாம் என்ற நிபந்தனை உண்டா?
4. வங்கி இல்லாமல் அந்தத் தெருவில் வாடகை எவ்வளவு?

இங்கிருந்து பணம் அனுப்புவோருக்கு ரிசர்வ் வங்கியின் வரம்பு, ஒரு நிதியாண்டில் ஒருவருக்கு 2,50,000 டாலர்.

எல்லாவற்றுக்கும் முன் மார்க்கத்தின் கேள்வி இருக்கிறது. வட்டி வாங்குபவரை மட்டுமல்ல, கொடுப்பவர், எழுதுபவர், சாட்சி நிற்பவர் ஆகியோரையும் நபி (ஸல்) அவர்கள் சபித்ததாக ஹதீஸில் வருகிறது. வட்டித் தொழிலுக்கென்று தெரிந்தே இடம் விடுவதை உலமாக்கள் பலர் கூடாது என்கிறார்கள். வட்டிக் கடன் எடுத்து அந்தக் கட்டடத்தை வாங்கினால் சிக்கல் இரட்டிப்பாகும். முன்பணம் கொடுக்குமுன் ஆலிம்களிடம் விவரம் சொல்லிக் கேளுங்கள். மருந்துக்கடை, பலசரக்குக் கடை, மருத்துவர் கிளினிக் உள்ள வளாகங்களும் விற்பனைக்கு வரத்தான் செய்கின்றன.

நம் சம்பாத்தியத்தை அல்லாஹ் ஹலாலாகவும் பரக்கத்தாகவும் ஆக்கி வைப்பானாக. ஆமீன்.

செயலாளர்