விடியற்காலையில் வலிப்பு: ஏன், எப்படி?

பிகாரின் முசாபர்பூர், லிச்சிப் பழத்துக்குப் பேர்போன மாவட்டம். பழம் பழுக்கும் மே, ஜூன் மாதங்களில் அங்கே ஆண்டுதோறும் ஒரு மர்மம் தலைகாட்டியது. இரவு நன்றாகத் தூங்கிய குழந்தைக்கு விடியற்காலையில் திடீரென வலிப்பு வரும். பிறகு நினைவு தப்பும். 2014-ல் மட்டும் இரண்டு மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்ட 390 சிறாரில் 122 பேர் இறந்தனர்.

மூளைக்காய்ச்சலா? பலருக்குக் காய்ச்சலே இல்லை. முதுகுத்தண்டு நீரிலும் கிருமித் தொற்றின் அறிகுறி தெரியவில்லை.

துப்பு ரத்தத்தில் இருந்தது: பலருக்குச் சர்க்கரை அளவு மிகவும் குறைந்திருந்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய வைரஸ் நிபுணர் டி. ஜேக்கப் ஜான், லிச்சியை நோக்கி முன்பே கைகாட்டியிருந்தார். 2017-ல் வெளியான ஆய்வு அதற்கு வலுச்சேர்த்தது. பரிசோதித்த 73 சிறுநீர் மாதிரிகளில் 48-ல் லிச்சி நச்சுகளின் எச்சம் கிடைத்தது.

இரவில் சாப்பிடாமல் தூங்கும்போது, கல்லீரலில் சேமித்த சர்க்கரைதான் மூளைக்குத் தீனி. சத்துக்குறைவான குழந்தையிடம் அந்தச் சேமிப்பு சீக்கிரம் தீர்ந்துவிடும். அடுத்து உடல் கொழுப்பை எரித்துப் புதிய சர்க்கரை தயாரிக்க வேண்டும். லிச்சியிலுள்ள ஹைப்போகிளைசின் அந்த வேலையைத் தடுக்கிறது. மூளை பட்டினி கிடக்கிறது, வலிப்பு வருகிறது.

அதே லிச்சியைத் தின்று, இரவுச் சாப்பாட்டையும் முடித்த குழந்தைகள் பெரும்பாலும் தப்பினார்கள்.

எனவேதான் வலிப்போடு வரும் குழந்தைக்கு முதலில் விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்க்கிறார்கள். குறைந்திருந்தால் உடனே குளுக்கோஸ் ஏற்றப்படும். ஸ்கேன் அதற்குப் பிறகுதான்.